எந்தக் குடத்துத் தண்ணீர்

மூங்கிலான் கொட்டாய்,
கடத்தூர் வழி,
தர்மபுரி மாவட்டம்.
11.6.2025

அன்புள்ள தேவிப்பிரியாவுக்கு, கோகிலவாணி அக்கா எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள். டென்மார்க்கில் குளிர் அதிகம் என்றார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். இதற்கு மேல் இனிப்பாக எழுத இன்றைக்கு எனக்கு வராது. வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பிய மூன்றுக்கும் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபாலை யாரும் பார்க்காதது மாதிரி இருந்துவிட முடியாது.

உன் ஆராய்ச்சி பத்திரிகையில் வந்துவிட்டது. போன வாரம் எட்டாம் பக்கத்தில் உன் போட்டோவோடு போட்டிருந்தார்கள். முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கன்வாடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வெளியே ஓடி, பால் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய என் வீட்டுக்காரரை, உன் அன்பு அண்ணனை நிறுத்திக் காட்டினேன். நம் வீட்டில் பதினொரு நாள் தங்கின பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். அப்புறம்தான் கீழே இருந்ததைப் படித்தேன்.

எங்கள் பிள்ளைகளின் எலும்பு வளைவதற்குக் காரணம் குடிநீர் இல்லையாம். குடிநீரில் புளோரைடு அளவுக்குள்தான் இருக்கிறதாம். கேழ்வரகுக் களியில்தான் மிதமிஞ்சி இருக்கிறதாம். இது புதிய கண்டுபிடிப்பாம். பத்திரிகைக்காரன் தப்பாக எழுதியிருப்பான் என்று நினைத்து, கடத்தூர் மேல்நிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிற மாதவராஜ் சாரிடம் போனேன். அவர் உன் ஆங்கிலக் கட்டுரையையே எடுத்து வரிவரியாகச் சொன்னார். பத்திரிகைக்காரன் தப்பாக எழுதவில்லை.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். உங்களுக்கு எங்கள் களி கிடைத்ததா? என் மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து இந்தக் கொட்டாயில் களிதான் தின்கிறார்கள். அப்போது யாருக்கும் முட்டி ஒட்டவில்லை, பல்லில் கறை விழவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் குடித்தது கிணற்றுத் தண்ணீர். எழுநூறு அடிக்குப் போர் போட்ட பிறகு பிறந்த பிள்ளைகளைப் பார், வயதானவர்களைப் பார், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இதைச் சொல்லத்தான் உன்னை வீடுவீடாகக் கூட்டிப்போனேன். நீ எழுதியிருப்பது என்னவென்றால், போர் குழாயில் குடிக்கக் கூடாது என்று சிவப்புப் பெயிண்ட் அடித்த பிறகு மக்கள் அதைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள், எல்லா வீட்டிலும் ஒகேனக்கல் தண்ணீரே குடிக்கிறார்கள் என்று. எந்த வீட்டில் பார்த்தாய் தாயே?

ஒகேனக்கல் குழாய் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது என்பது உனக்குத் தெரியும். மூன்று கிலோமீட்டர். நீயே ஒரு நாள் என்னோடு நடந்து வந்தாய், திரும்பும்போது உன் குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் குழாயை எங்கள் கொட்டாய் வரைக்கும் இழுக்கப் போன வருசம் திட்டம் போட்டார்கள். அளந்து, சுண்ணாம்பில் கோடுகூடப் போட்டுவிட்டுப் போனார்கள். வருகிற தைக்குள் தண்ணீர் வந்துவிடும் என்றார்கள். நேற்று குடிநீர் வாரிய ஆபீசுக்குப் போய்க் கேட்டால், உன் அறிக்கையை எடுத்து மேசையில் போடுகிறார் அந்த அதிகாரி. உங்க ஊர்லதான் ஏற்கெனவே ஒகேனக்கல் தண்ணி குடிக்கிறீங்களேம்மா, இன்னும் குடிக்காத ஊரு எத்தனையோ இருக்கு, அவங்களுக்கு முதல்ல குடுக்கறோம் என்கிறார். குழாய் போடுகிற ஊர்ப் பட்டியலில் எங்கள் பேர் இல்லை. கட்டுரையில் எங்களுக்குப் பேர்கூடக் கிடையாது, 'கிராமம் மூன்று' என்று நம்பர்தான். அவருக்குக் கொடுத்த நகலில் மட்டும் மூங்கிலான் கொட்டாய் என்று தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள்.

அதோடு விடவில்லை. அங்கன்வாடிக்கு மேலாபீசிலிருந்து ஒரு அம்மா வந்து, பிள்ளைகளுக்குக் களி, கூழ் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று என்னிடமே தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து என்று பன்னிரண்டு வருசமாக நான் சொல்லிக்கொடுத்ததை நானே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். போர் தண்ணீரில் வடித்த அரிசிச் சோற்றை மட்டும் தின்னலாமாம்.

என் பெண் யுவராணிக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. நீ வந்தபோது ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது நேராக நின்றால் முட்டி இரண்டும் ஒட்டிக்கொள்கிறது, பாதம் இரண்டும் விலகி நிற்கிறது. ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்காமல், தனக்கு அது பிடிக்காது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். தர்மபுரியில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். வளர்ற வயசு, இப்பவே நல்ல தண்ணி குடுத்தா நேராக வாய்ப்பு இருக்கு, வளர்ச்சி நின்னுட்டா ஆபரேசன்தான் என்றார். அன்றிலிருந்து உன் அண்ணன் பால் வண்டியில் இவளுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவருகிறார். இவளுக்குக் கொண்டுவரலாம். என் அங்கன்வாடியில் இருக்கிற பதினாலு பிள்ளைகளுக்கு யார் கொண்டுவருவது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. உன் சுரைக்காய் எங்கள் அடுப்பில் இருந்த கறியையும் அல்லவா கவிழ்த்துவிட்டது? எழுதியது தப்பு என்று அந்தப் பத்திரிகைக்கும் ஆபீசுக்கும் உடனே எழுது. எழுதிவிட்டு எனக்குப் பதில் போடு.

கோபம் இருந்தாலும் ஆசீர்வாதம் குறையாத,
உன் அக்கா,
கோகிலவாணி


மூங்கிலான் கொட்டாய்,
20.7.2025

அன்புள்ள தேவிக்கு,

உன் கடிதம் வந்தது. ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் ஐந்தரைப் பக்கம் கணக்கு. உன் இயந்திரம் சரி, உன் பாட்டில் சரி, நம்பர் சரி, இரண்டு முறை சோதித்தது சரி. எல்லாம் சரி என்றால் என் பிள்ளையின் கால்தான் தப்பா என்று அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு கேள்வியை அன்பு அண்ணன்தான் படித்துக் காட்டினார். 'அக்கா, பாட்டிலில் கொடுத்த தண்ணீரும் களி கிண்டின தண்ணீரும் ஒன்றுதானே?'

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இதை நீ அப்போதே கேட்டிருக்க வேண்டாமா? சரி, ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பதில் எழுதலாம் என்று, நீ அனுப்பிய பாட்டில் பட்டியலை எடுத்துக்கொண்டு ராமக்காள் வீட்டுக்குப் போனேன். பாட்டில் ஒன்பது அவள் வீட்டில் எடுத்தது. அன்றைக்கு எந்தத் தண்ணீர் கொடுத்தாய் என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வூட்டுக்கு வந்த புள்ளைக்கி அந்தத் தண்ணியவா குடுப்பாங்க, எவர்சில்வர் கொடத்துல இருந்துதான் மொண்டு குடுத்தேன், நீயும்தான பக்கத்துல நின்ன என்றாள்.

தேவி, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உனக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கொட்டாயில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குடம் உண்டு. அடுப்பு பக்கத்தில் பிளாஸ்டிக் குடம், அதில் போர் தண்ணீர். நாங்கள் குடிப்பது, ஆக்குவது எல்லாம் அது. சாமி படத்துக்குக் கீழே மூடி போட்டு, மேலே டம்ளர் கவிழ்த்து ஒரு எவர்சில்வர் குடம். அதில் ரோட்டுக் குழாயில் பிடித்துவந்த ஒகேனக்கல் தண்ணீர். அது விருந்தாளிக்கு. சம்பந்தி வந்தால், ஆபீசர் வந்தால், பெண் பார்க்க வந்தால் அதிலிருந்துதான் மொள்ளுவோம். பிள்ளைகள் கை வைத்தால் அடி விழும். வந்தவர்கள் முகம் சுளித்துவிட்டால் அந்த வீட்டுக்கு எவ்வளவு கேவலம் தெரியுமா? உப்புத் தண்ணீர் ஊர் என்று பேர் வந்துவிட்டால், பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

நீ என்ன செய்தாய்? சுத்தமான பாட்டிலை நீட்டி, நீங்க குடிக்கிற தண்ணி கொஞ்சம் குடுங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். வெயிலில் நடந்து வந்த பிள்ளை, கையில் காலிப் பாட்டில். எந்தப் பொம்பளை பிளாஸ்டிக் குடத்துக்குப் போவாள்? சோதனைக்கு என்று நீ சொன்னாய்தான். சோதனைக்கு என்றால் இன்னும் நல்லதைத்தானே கொடுப்பார்கள்? பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கிழிந்த சட்டை போட்டு அனுப்புவார்களா?

முப்பத்துநாலு வீட்டையும் கேட்டுவிட்டேன். முப்பத்தொரு வீட்டில் எவர்சில்வர் குடம். மற்ற மூன்று வீட்டிலும் அன்றைக்கு அந்தக் குடம் காலி, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாதவராஜ் சார் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சின்ன மருந்துப் பெட்டி கொண்டுவந்தார். என் வீட்டு இரண்டு குடத்திலும் கொஞ்சம் எடுத்து மருந்து விட்டார். எவர்சில்வர் குடத்துத் தண்ணீர் ரோஜா நிறத்தில் அப்படியே நின்றது. பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. மஞ்சளானால் புளோரைடு அதிகம் என்றார்.

பாட்டில் ஒன்று யார் வீடு என்று பட்டியலைப் பார். என் வீடு. அன்றைக்கு மொண்டு கொடுத்தது இந்தக் கைதான். அங்கன்வாடி வேலை பார்க்கிறவள், புளோரைடு பற்றி மூன்று முறை பயிற்சிக்குப் போனவள், எனக்கே அது பொய்யாகத் தோன்றவில்லை. இன்றைக்கும் எனக்கு அது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. யுவராணி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் நடையைப் பார்க்கிறேன், அப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. நீ படித்தவள். மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் போரில் போய்த் தண்ணீர் எடுப்பார்கள், நாங்கள்தான் வாய்க்குப் போகிற தண்ணீரைக் குடத்தில் எடுக்கிறோம் என்று எத்தனை முறை பெருமையடித்தாய். அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் இருந்ததே, அது எதற்கு என்று ஒரு முறை கேட்டாயா? பதினொரு நாள் என் வீட்டில் தங்கினாய். உனக்குக் காப்பி, மோர், குடிக்க, எல்லாம் எவர்சில்வர் குடம். களிகூட உனக்கு மட்டும் தனிச் சட்டியில் கிண்டினேன். அந்தப் பதினொரு நாளில் உன் அண்ணன் ஏழு முறை ரோட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். பல் விளக்கும்போது தண்ணி கரிக்குதுக்கா என்று நீயே சொன்னாய். பிறகு உட்கார்ந்து, போர் தண்ணீரில் கிண்டி நாங்கள் தின்கிற சட்டியிலிருந்து களியை எடுத்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போய், களியில் விஷம் என்று எழுதிவிட்டாய். ஒரு பிடி பச்சை மாவைச் சோதித்திருந்தால் கேழ்வரகு தப்பித்திருக்குமே.

என் தப்பை நான் எழுதிவிட்டேன். உன் தப்பை நீ எழுது. குழாய்ப் பட்டியல் ஆடி முடிந்ததும் மேலே போய்விடும் என்கிறார்கள். அதற்குப் பிறகு எழுதினால் தேங்காய்க்குப் பதில் ஓடுதான் கிடைக்கும்.

உன் அக்கா,
கோகிலவாணி


மூங்கிலான் கொட்டாய்,
6.8.2025

அன்புள்ள தேவிக்கு,

நீ போனில் அழுதது மனசுக்கு என்னவோ போல இருந்தது. பேசும்போது எனக்கும் சத்தம் போடத்தான் தெரிந்தது. அதனால் யோசித்து எழுதுகிறேன்.

உன் புரொபசர் கோபித்துக்கொள்வார், கட்டுரையைத் திரும்பப் பெற்றால் உன் வேலை நீடிக்காது, இத்தனை வருச உழைப்பு போய்விடும் என்கிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் களி விஷயத்துக்குத்தான் உன்னை டென்மார்க்குக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்பதும் புரிகிறது. அதற்காக அவர் சொல்கிற வழியை என்னால் ஏற்க முடியாது. கட்டுரை அப்படியே இருக்கட்டும், கடைசியில் 'மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்கிறாராம். மேலும் எத்தனை முட்டி வளைந்தால் அவருக்குப் போதும் என்று கேட்டுச் சொல். அந்த ஒரு வரியை எங்கள் ஆபீசர் படிக்கப்போவதில்லை. அவருக்கு வேண்டியது, ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கிறார்கள் என்கிற வரி மட்டும்தான். அது இருக்கிறவரைக்கும் எங்களுக்குக் குழாய் கிடையாது.

எழுத்தில் ஆதாரம் இருந்தால்தான் கட்டுரை போட்ட பத்திரிகை கேட்கும் என்றாயே, அதைச் செய்துவிட்டோம். ஆனால் சுலபமாக நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அங்கன்வாடிக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். நாங்கள் கொடுத்தது வேறு தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பொய் சொன்னோம் என்று எங்களையே எழுதித்தரச் சொல்கிறாயா என்றாள் ஒருத்தி. ஊர் முழுக்க உப்புத் தண்ணீர் குடிக்கிறது என்று தாளில் போட்டால் எங்கள் வீட்டுப் பெண்ணை யார் கட்டுவான் என்றாள் இன்னொருத்தி. ராமக்காளின் பெண்ணுக்கு அரூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ராமக்காள் கதவோரம் நின்றுகொண்டு தாளைத் தொடவே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் என் பேரை மட்டும் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாட்டில் ஒன்று, கோகிலவாணி, அங்கன்வாடிப் பணியாளர், கொடுத்தது நான் குடிக்கும் தண்ணீர் அல்ல என்று எழுதினேன். மேலதிகாரி கேள்வி கேட்பார், கேட்கட்டும். எழுதி முடித்தபோது யுவராணி என்னைத் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வேறு எதற்கோ வந்தாள், பள்ளிக்கூட நோட்டு வாங்க வேண்டும் என்றாள். பெண்கள் எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவளுக்கு அது தெரிந்துவிட்டது, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ராமக்காள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். எழுது, ஆனா பொய் சொன்னோம்னு எழுதாத, வந்தவங்களுக்கு மரியாதி பண்ணோம்னு எழுது என்றாள். பிறகு, நாங்க குடிக்கிறது இன்னாண்ணு யாரும் கேக்கல, அதையும் எழுது என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன். பேனா பிடிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். முப்பத்துநாலு பேரும் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் உன் பாட்டில் நம்பர் இருக்கிறது. இரண்டு குடத்துத் தண்ணீரையும் போர்க் குழாயையும் மாதவராஜ் சார் சோதித்த கணக்கு தனித்தாளில் இருக்கிறது. ஒரு நகலை ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். அதிகாரி படித்துவிட்டு, ஆராய்ச்சி பண்ணவங்களே தப்புன்னு எழுதினாத்தாம்மா என்னால மறுபடி சேர்க்க முடியும் என்றார். பட்டியலைப் பதினைந்து நாள் நிறுத்திவைப்பதாகச் சொன்னார். அதுவே பெரிய காரியம்.

ஆக, இப்போது எல்லாம் உன் கையில் இருக்கிறது. முப்பத்துநாலு பொம்பளைகள் தங்கள் மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் பலபேருக்கு அதைத் தவிர வேறு சொத்து இல்லை. உன்னிடம் படிப்பு இருக்கிறது, அது இந்த ஒரு கட்டுரையோடு முடிந்துவிடாது. நீ கெட்டிக்காரி, பிழைத்துக்கொள்வாய். அப்படிப் பிழைக்க முடியாவிட்டால் இந்த அக்கா வீட்டில் உனக்கு ஒரு வாய்க் களி எப்போதும் உண்டு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

தப்பு என்று எழுதிவிடு. எழுதிவிட்டு ஒரு முறை நேரில் வா. இந்த முறை பாட்டிலை நீட்ட வேண்டாம், நானே போருக்கும் அடுப்படிக்கும் கூட்டிப்போய் மொண்டு தருகிறேன். நீ எவ்வளவு தூரத்திலிருந்து களைத்து வந்தாலும் எவர்சில்வர் குடத்தை உனக்காகத் திறக்க மாட்டேன், அது இனிமேல் யுவராணிக்கு. உனக்கு நாங்கள் குடிக்கிற தண்ணீரில்தான் ஒரு டம்ளர் தருவேன். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, குடித்துவிட்டு உள்ளே வா.

எழுதுவாய் என்ற நம்பிக்கையோடு,
உன் அக்கா,
கோகிலவாணி